ஏரும் எருவும்

'வேளாண்மை' என்னும் சொல்லைத் திருவள்ளுவர் பிறர்க்கு உதவுதல் என்னும் பொருளில் ஆண்டார். பின்வந்த வழக்கில் அச்சொல் பயிர்த்தொழில் முழுவதையும் தழுவி நின்றது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, இறக்காமம் ஆகிய எம்முடைய ஊர்களிலோ அது பின்னும் ஒடுங்கி, வயலில் நிற்கும் நெற்பயிர் ஒன்றையே சுட்டுவதாயிற்று. 'வேளாண்மை வெட்டியாச்சா?' என்று இங்கே ஒருவர் வினவினால், அவ்வினா நெல்லைப் பற்றியது. மேட்டிலே கச்சானும் கௌபியும் சோளனும் செழித்து நின்றாலும் அவை வேளாண்மை என்னும் பெயரைப் பெறுவதில்லை.

சொல் ஒடுங்கிய இடத்தில் மதிப்பும் ஒடுங்கிவிட்டது. குளத்து நீர் பாயும் வட்டைகளுக்கு வாய்க்கால் உண்டு, வட்டவிதானை உண்டு, போகந்தோறும் கூட்டம் உண்டு, கடனும் மானியமும் உண்டு. நீரேறாத மேட்டு நிலத்துக்கு வானம் ஒன்றே உண்டு. ஆயினும் வயற்காணி இல்லாத குடும்பங்களுக்கு அந்த ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோதான் முதல். மாரி மழையை நம்பி நகையை ஈடுவைத்து விதை வாங்குவோர் இவர்களே. இம்மேட்டு நிலத்துக்கு எருவும் ஊடுபயிரும் செய்யக்கூடியது யாது என்பதையே ஈண்டு எழுத எடுத்துக்கொண்டேன். 2021 ஆம் ஆண்டுக்குப் பின்னர் எருவென்ற பேச்சை எடுத்தாலே முகஞ்சுளிப்பவர் பலராதலின், இதனை எழுதுவதற்குச் சிறிது துணிவும் வேண்டியிருக்கிறது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இலங்கையின் மண்வகைகளை 1961 ஆம் ஆண்டில் மூர்மான், பானபொக்க என்னும் இருவரும் வகுத்துக் காட்டினர். அவர்கள் வகுப்பில் அம்பாறை, மட்டக்களப்புப் பகுதிகளின் மேட்டு நிலத்திற் பெரிதும் காணப்படுவது சுண்ணாம்புச் சத்தற்ற கபில மண். படிகக்கல் மிகுந்த பாறை உடைந்து உண்டானதாதலின் அதிலே மணல் மிகுதி, களி குறைவு. உக்கிய இலைதழைகளால் உண்டாகும் உக்கல், நூற்றுக்கு ஒரு பங்கு அளவில், பல இடங்களில் அதனினும் குறைவாகவே உள்ளது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நில்லாது உதிரும். ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்றோடு கொட்டும் மழை அதனுள்ளே விரைந்து இறங்கி, இட்ட சத்தையும் உடன்கொண்டு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். எஞ்சிய உக்கலைப் பங்குனி, சித்திரை வெயில் எரித்துவிடும். வெப்பநாட்டு மண்ணில் உக்கல் கரையும் வேகம் குளிர்நாட்டு மண்ணிற் கரையும் வேகத்தினும் பன்மடங்கு பெரிது.

வயல் மண்ணுக்கு இத்துணை இடர் இல்லை. அங்கே தேங்கிய நீர் காவலாய் நிற்கிறது. அந்நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து ஓரளவு மண்ணிற் சேர்க்கின்றன. காற்றுப் புகாமையால் உக்கலும் மெல்லவே கரைகிறது. மேட்டு நிலமோ தானாக ஒன்றும் சேர்ப்பதில்லை. சேர்த்து வைத்ததையும் காப்பதில்லை.

இதனை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு எம் ஊர்ப்பெயர்களே சான்று. இறக்காமத்துக்கு அடுத்து வரிப்பத்தான்சேனை, கடலோரத்தில் அட்டாளைச்சேனை. சேனையென்பது காடு வெட்டி எரித்து, அச்சாம்பலின் வலிமையால் இரண்டொரு மாரிக்குப் பயிரிட்டு, பின்னர்க் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடும் நிலம். பல ஆண்டு காடு நின்று இலையுதிர்த்து மண்ணை மீளக் கட்டியெழுப்பும். சேனை வெட்டிய மண்ணும் மீளக் காடான மண்ணும் எவ்வாறு மாறுகின்றன என்பதை யோக்கிம், கந்தையா என்னும் இரு மண்ணாய்வாளர் ஆராய்ந்து 1948 இல் எழுதினர். குடி பெருகிக் காடு சுருங்கவே, இருபது ஆண்டு ஆறவிட்ட நிலத்தை ஐந்தாண்டிலும், பின் ஆண்டுதோறும் கொத்தத் தொடங்கினோம். காடு செய்த வேலையைச் செய்ய வேறொருவரையும் அமர்த்தினோமில்லை. எருவும் ஊடுபயிரும் அந்த வேலைக்கு அமர்த்தத்தக்க இரு கூலியாட்கள்.

சேனையில் ஒரு பயிரை மட்டும் இட்டவர் அந்நாளில் இலர். குரக்கன், சோளன், பயறு, கௌபி, பூசணி, கெக்கரி, மிளகாய், கத்தரி ஆகியவை ஒரே நிலத்தில் கலந்து நின்றன. இக்கலப்பு நேற்றுப் பிறந்ததன்று. பாரியின் நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 120 ஆம் பாட்டை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இச்சேனையே கண்முன் நிற்கும். செம்மண் மேட்டைப் பலமுறை உழுது, விதைத்து, களை நீக்கி, வரகும் தினையும் எள்ளும் அவரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதம் வருவதை அவர் முறைபட வருணிக்கிறார். தினை கொய்த தாளின் மறுகாலில் அவரைக்கொடி படர்ந்து பூப்பதைக் குறுந்தொகைப் புலவர் ஒருவரும் கண்டு சொல்லியிருக்கிறார். இவற்றைக் கருப்பொருள், பின்னணி என்று சொல்லிக் கடந்துபோவது உரையாசிரியர் வழக்கம். உழவர் ஒருவர் உரை எழுதியிருந்தால் அங்கே சற்று நின்றிருப்பார்.

திருக்குறளிலும் அப்படி நிற்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. உழவு என்னும் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரு குறள்கள் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். 1037 ஆம் குறள், ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறது. அடுத்த குறளோ, உழுவதிலும் எருவிடுதல் நன்று என்கிறது. எரு வேண்டாமென்றவர் மறுமூச்சில் எருவே சிறந்ததென்பது எங்ஙனம்? மாணவர் கேட்கும் நல்ல கேள்விகளுள் இதுவும் ஒன்று.

விடை மண்ணிலேதான் இருக்கிறதென்பது என் கருத்து. காய்ந்த மண் மீள நனையும்போது உக்கல் விரைந்து கரைந்து, பயிருக்கு வேண்டிய நைதரசன் ஒருசேர வெளிப்படுவதைக் கென்யாவிற் பணிபுரிந்த பேர்ச் என்பவர் 1958 இல் விளக்கினார். மண்ணியலார் இன்றும் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். ஆகவே உழுது காயவிடுதல் வெறும் நம்பிக்கையன்று. உக்கல் நிறைந்த மண்ணில் அது மெய்யாகவே எருவின் வேலையைச் செய்யும். ஆனால் அது சேமிப்பை எடுத்துச் செலவிடும் முறை. சேமிப்பில்லாத மண்ணில் எத்தனை முறை உழுதாலும் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே அடுத்த குறள் வேண்டப்படுகிறது. முன்னது வளமண்ணுக்கு, பின்னது வறுமண்ணுக்கு என்று கொள்ளின் முரண் நீங்கும். இன்னொன்றையும் சொல்லலாம். எங்கள் மேட்டு மண்ணின் ஒரு பலத்தை எந்த வெயிலிற் காயவைத்தாலும் காற்பலம் ஆகாது. முக்காற்பலம் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு எந்நாளும் இருந்ததில்லை.

சொற்களைப் பற்றிய பேச்சு எழுந்தபடியால் மேலும் ஒரு சொல்லைக் கூறிச் செல்கிறேன். வள்ளுவர் சொன்னது எரு. உரம் என்பதன் பழம்பொருள் வலிமை. பயிருக்கிடுவதை அது குறித்தது பின்னாளில். நம் நாட்டுப் பேச்சிற் பசளை வழங்குகிறது. அரசாங்க ஏடுகளிலோ 'சேதனப் பசளை' என்று எழுதுகிறார்கள். சேதனம் என்றால் அறிவுள்ளது, உணர்வுள்ளது. உயிர்ப்பொருள் சார்ந்தது என்பதற்காக அச்சொல்லைத் தெரிந்தெடுத்தனர் போலும். ஒரு வண்டி மாட்டெருவை உணர்வுள்ள பசளை என்று அழைப்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது; ஆயினும் அந்த நீண்ட பெயரோடு வந்த ஆண்டை எம்மவர் மறக்கமாட்டார்.

2019 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வென்றவரது விஞ்ஞாபனம், நாடு பத்தாண்டுக் காலத்தில் சேதனப் பசளைக்கு மாறும் என்றது. 2021 மே மாதம் 6 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. நவம்பர் இறுதியில் அத்தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. சீனாவிலிருந்து வந்த எருக்கப்பல் ஒன்று, நோய்க்கிருமி உண்டென்று கண்டு திருப்பப்பட்டது. அதற்காக 2022 சனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்த நேர்ந்தது. 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாயிருந்த நாட்டின் நெல் விளைவு, 2022 இல் 34 இலட்சம் அளவுக்கு இறங்கியது. எரிபொருட் பஞ்சமும் உடன் சேர்ந்துகொண்டது உண்மையே. ஆனால் பயிர் மஞ்சளித்து நின்றதை வரம்பில் நின்று பார்த்தவர்க்குக் காரணம் வேறு கூறவேண்டியதில்லை.

தவறு எருவின்மீதா? கணக்கைப் பார்க்கலாம். 50 கிலோகிராம் யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. நன்கு உக்கிய கூட்டெருவில், ஈரம் நீக்கி நிறுத்தால், நூற்றுக்கு ஒரு பங்களவே நைதரசன் இருக்கும். அந்த 23 கிலோவுக்கு 2300 கிலோ உலர்ந்த எரு வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் மூன்றரைத் தொன். நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூட்டை யூரியா இடுவோர், ஏழு தொன் எருவைத் தேட வேண்டும். தேடி இட்டாலும், முதற்போகத்தில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தாலே பெரிது. மற்றது மண்ணில் நின்று அடுத்தடுத்த ஆண்டுகளில் மெல்ல வெளிவரும். ஒரு மாவட்டத்து வயல் முழுவதற்கும் ஆறு மாதத்தில் அவ்வளவு எரு எங்கிருந்து வரும்? மாட்டுப்பட்டிகள் குறைந்து, மேய்ச்சற்றரை சுருங்கி, எருமைக்கடாக்களின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்து அரை நூற்றாண்டாகிறது. 1962 முதல் மானியம் கொடுத்து யூரியாவுக்குப் பழக்கியதும், 2005 முதல் மூட்டை 350 ரூபாவுக்குக் கொடுத்து எருக்குழியை மறக்கச் செய்ததும் அரசாங்கமே.

அக்காலத்தில் எருவென்ற பெயரோடு ஊருக்கு வந்த மூட்டைகள் சில எவ்வாறிருந்தன என்பதை மேட்டுநிலக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். 'காக்கா, இந்த மாரிக்கு எரு ஒண்டும் போடல்லயா?' என்று நான் கேட்டதற்கு அவர், 'அந்தப் பேச்ச எடுக்காதீங்க மாஸ்டர். மூட்டையப் பிரிச்சாக் கல்லும் பொலித்தீனும். அது போட்ட இடத்தில கோரைதான் முளைச்சிச்சி' என்றார். அவருடைய மேட்டில் அன்று சோளன் இடுப்பளவில் நின்று வெளுத்திருந்தது. அவர் கொல்லைப்புறத்தில் நாலு மாட்டின் சாணம் வெயிலிற் கிடந்து வெந்துகொண்டிருந்தது. 2021 ஆம் ஆண்டு செய்த பெருங்கேடு ஒரு போக விளைவை இழந்ததோடு முடியவில்லை என்பது இதனால் விளங்கும். எந்த நிலத்துக்கு எரு இன்றியமையாததோ, அந்த நிலத்துக்காரரே அதனை வெறுக்கும்படி ஆயிற்று.

சாணத்தை வெயிலிலும் மழையிலும் திறந்து போடுவது கிணற்றிலிருந்து நீரிறைத்துத் தெருவில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். நைதரசன் வளியாய்ப் பறந்துவிடும்; எஞ்சியது மழையோடு வடியும். மாடு வெளிவிடும் நைதரசனில் ஏறத்தாழப் பாதி அதன் சிறுநீரில் உள்ளது. சாணத்தை மட்டும் அள்ளிச் சேர்ப்பவர் மறுபாதியை நிலத்துக்கு வெளியே இழக்கிறார். கோடையில் அறுவடைக்குப் பின் மேட்டிலேயே பட்டி அடைத்து, சில நாளுக்கொருமுறை பட்டியை நகர்த்திய பழைய வழக்கம் இவ்விரண்டையும் மண்ணிலேயே சேர்த்தது. தமிழகத்தார் இதனைக் கிடை கட்டுதல் என்பர். மாடு நாலே உள்ளவர், தொழுவத்தில் வைக்கோலையும் உமியையும் பரப்பினால் அவை சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனையே குவியலிற் சேர்க்கலாம்.

வைக்கோலைச் சொல்லும்போது எனக்குச் சினம் வருவதுண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியமும் 6 கிலோ நைதரசனும் உண்டு. அறுவடை இயந்திரம் வயலிற் கொட்டிப்போகும் வைக்கோலுக்குத் தீயிட்டுவிட்டு, அடுத்த போகத்துக்குப் பணங்கொடுத்துப் பொட்டாசுப் பசளை வாங்குகிறோம். வைக்கோலை எரிக்கவேண்டாமென்று விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. ஆனால் பச்சை வைக்கோலை விதைப்புக்குச் சில நாள் முன் மேட்டு மண்ணிற் புதைக்கவும் கூடாது. அதனை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பயிரின் நைதரசனைத் தாமே உண்டு, சில வாரம் பயிரை மஞ்சளிக்கச் செய்யும். முன்னரே குவித்து உக்கவைத்தல் வேண்டும். நெல்லாலைகளில் மலைபோற் குவிந்து கிடக்கும் உமியை முற்றும் சாம்பலாகாமற் கருக்கிக் கலந்தால் மணல்மண்ணுக்கு நீர்ப்பிடிப்பு உண்டாகும்.

இவ்வகையில் நாம் பார்த்துக் கற்க வேண்டியவர் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர். பூவரசங்குழையும் காவிளையும் பழைய வேலியோலையும் கூரையோலையும் தோட்டத்தில் தாழ்த்துத் தாழ்த்து, தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணையே அவர்கள் ஆக்கிக்கொண்டனர். இந்தூரில் 1924 முதல் 1931 வரை எருக்குவியலை ஆராய்ந்து, அம்முறையை உலகுக்கு எடுத்துரைத்த ஆல்பர்ட் ஹவார்டும் இந்திய உழவரிடம் கற்றவரே. அவருடைய நூல் 1940 இல் வெளிவந்தது. அதற்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன், அந்தலூசியாவின் செவில் நகரில் வாழ்ந்த இப்னு அல் அவ்வாம், அறபு மொழியில் எழுதிய வேளாண்மைப் பெருநூலில் எருவகைகளுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்திருந்தார். எம் மத்திரசா மாணவர் இப்பெயரையும் அறிந்திருத்தல் நன்று.

எமக்கு எளிதிற் கிடைக்கும் தழை கிளிசிரிடியா. ஒரு கிளையை வெட்டி வேலியில் நட்டால் அதுவே மரமாகிவிடும். 2005 இல் இதனை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்தது. அறிவித்தபின் மறந்துவிட்டது போலும். அதன் உலர்ந்த இலையில் நைதரசன் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு இருக்கும்; ஆகவே கூட்டெருவினும் மும்மடங்கு வலியது. வேலியைச் சுற்றி நட்டு, மாரிக்கு முன் ஒருமுறையும் பயிர் நிற்கும்போது ஒருமுறையும் கொத்தி வேரடியிற் பரப்பலாம். அது வெயிலையும் மறைக்கும்.

இனி ஊடுபயிர். வேலைக்கார வேர் ஒன்று பயறினத்துக்கு உண்டென்பதை 1886 இல் செருமானிய அறிஞர் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் கண்டு கூறினர். கௌபி, பயறு, கச்சான் ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. இதனைக் கேட்டதும், பக்கத்தில் நிற்கும் சோளனுக்கு அந்தச் சத்து அன்றே பாயும் என்று சிலர் எண்ணுவர். அப்படிப் பாய்வது மிகச் சொற்பம். கௌபி தன் பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் மண்ணிலுள்ள கொஞ்சத்துக்குச் சோளனோடு போட்டியிடுவதில்லை. இதுவே அவ்வாண்டின் ஆதாயம். காயைக் கொய்தபின் கொடியையும் வேரையும் மண்ணுக்கே விட்டால் அடுத்த மாரிப் பயிருக்குச் சத்துச் சேரும். பிடுங்கிக் கொண்டுபோய் வரம்பில் எரிப்பவர்க்கு அவ்வாதாயம் இல்லை.

ஊடே நட்டால் மட்டும் போதாது. இடமும் காலமும் தவறினால் இரண்டு பயிரும் ஊடவே செய்யும். சோளன் வரிசைகளை இரண்டிரண்டாக நெருக்கி, இடையே விட்ட அகலத்தில் கௌபியை இட்டால் வெயில் கிடைக்கும். பூசணியை ஓரத்தில் விடலாம். அதன் அகன்ற இலை மண்ணை மூடி மழையின் அடியைத் தாங்கும். கலந்து விளைந்தது இலாபமா என்றறிய ஆய்வாளர் எளிய கணக்கொன்று வைத்திருக்கின்றனர். ஓர் ஏக்கரிற் கலந்து கிடைத்த சோளனையும் கௌபியையும் தனித்தனியே விளைவிக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று பார்ப்பார்கள். ஓர் ஏக்கருக்கு மேலாயின் கலப்பே மேல். சோளன் பிறந்த நாடாகிய மெக்சிக்கோவில் உழவர் அதனை அவரையோடும் பூசணியோடும் சேர்த்தே நட்டுவந்தனர். அங்கிருந்து கடல்கடந்து வந்த பயிரை, அதன் தோழரைப் பிரித்துத் தனியே பரப்பியது கலப்பின விதை வந்த பின்னர்த்தான். 2018/19 மாரியில் படைப்புழு வந்து சோளச் சேனைகளைத் தின்றபோது, ஒரே பயிரை நம்பியிருந்தவர் கையில் வேறொன்றும் மிஞ்சவில்லை.

எரு குறைவாயின் அதனை நிலமெங்கும் தூவுவது வீண். மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோவில், எம் மேட்டினும் கொடிய வறண்ட நிலத்தில், சிறு குழிகள் தோண்டி ஒவ்வொன்றிலும் பிடி எருவிட்டு விதைக்கிறார்கள். அதனைத் திருத்திப் பரப்பிய உழவர் யாக்கூபா சவாதோகோ 2023 இல் காலமானார். மழைநீரும் எருவும் ஒரே குழியிற் சேர்வதால் பயிருக்கு இரண்டும் கிட்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூசணிக்கும் இங்கே இதனைச் செய்யத் தடையில்லை.

யூரியாவை அறவே விலக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. உக்கலில்லாத மண்ணில் யூரியா வடிந்துபோகிறது. எருவிட்ட மண்ணில் அதுவே நின்று உதவுகிறது. எரு ஏறிவரும் மூன்று நான்கு ஆண்டுக்குச் சோளனுக்கு அளவாகப் பிரித்துப் பிரித்து இடுவதும், ஆண்டுதோறும் பயிரைப் பார்த்துக் குறைப்பதும் அறிவுடைமை. பொசுபரசு வேண்டுமாயின் 1971 இல் எப்பாவலவிற் கண்டெடுத்த பாறைப் பொசுபேற்று நம் நாட்டிலேயே உண்டு. அது எளிதிற் கரையாதது. எருக்குவியலோடு சேர்த்து உக்கவைத்தால் ஓரளவு இளகும்.

குவியலுக்கு வேண்டியது நிழலும், ஓலை மூடியும், கையால் அழுத்தினால் ஒரு துளி கசியுமளவு ஈரமும், மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை புரட்டலும். ஒரு படை வைக்கோலும் சருகும், ஒரு படை கிளிசிரிடியாத் தழை, அதன்மேற் சாணக்கரைசல் என்று இடுப்பளவுக்கு உயர்த்தினால் உள்ளே சூடேறிக் களைவிதைகளும் வெந்துவிடும். கோரைக்கிழங்கைப் பொறுக்கி முன்னரே நீக்கிக்கொள்ள வேண்டும். உக்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஐப்பசி மழைக்கு நிலத்தில் இடவேண்டுமாயின் ஆடி பிறந்ததும் குவியலைக் கட்டவேண்டும். சிறுபோக அறுவடை வைக்கோலும் அதற்கு அடுத்தே வந்துசேரும்.